நர்ஸை மார்ச் மாதமே கூப்பிடுங்கள்

ஆயக்குடி, சத்திரப்பட்டி, பழநி, ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் மே மாத விடுமுறை முகாம் நடத்தும் போதகர் ஐயாமாருக்கும், பங்குத் தந்தையருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளுக்கும்,



நான் ஆயக்குடிக்காரி. ஒட்டன்சத்திரத்தில் நர்ஸிங் படித்து, இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே வேலை பார்த்து வருகிறவள். கோடை வந்தால் உங்களில் யாரிடமிருந்தாவது போன் வரும். "சிஸ்டர், திங்கக்கெழம கேம்ப் ஆரம்பிக்குது. நீங்க வந்து உக்காந்திருந்தாப் போதும், பிள்ளைகளுக்கு ஏதாவதுன்னா பாத்துக்கலாம்." நானும் லீவு சொல்லிவிட்டு வருவேன். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். பக்கத்தில் ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ். அதற்குள் போன வருஷத்துப் பஞ்சும், மூடி இறுகிப்போன டெட்டாலும்.

அந்தப் போன் வரும்போது பேனர் அடித்தாகியிருக்கும். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும். சமையல் மாஸ்டருக்குப் பட்டியல் கொடுத்து, அட்டவணையும் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. கடைசியாக ஞாபகத்துக்கு வருகிறவள் நர்ஸ். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். முகாமில் ஒரு பிள்ளை மயங்கி விழுவதும், பத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போவதும், ஒரு பெண்பிள்ளை நீர்க்கடுப்பில் அழுவதும் அன்றைக்குத் திடீரென்று நடப்பவை இல்லை. அட்டவணை போட்டபோதும், இடம் பார்த்தபோதும், கக்கூஸ் எத்தனை என்று யாரும் எண்ணாமல் விட்டபோதும் முடிவானவை. எல்லாம் முடிவான பிறகு வருகிற நர்ஸால் விழுந்த பிள்ளையைத் தூக்கத்தான் முடியும்.

முதலில் வெயிலைச் சொல்கிறேன். மே 4-லிருந்து 28 வரை கத்திரி என்று நம் வீட்டுக் காலண்டரிலேயே போட்டிருக்கிறது. அந்தக் காலண்டர் தொங்குகிற அறையில் உட்கார்ந்துதான் பகல் 12 மணிக்கு ஆக்‌ஷன் சாங், 3 மணிக்குக் குழு விளையாட்டு என்று எழுதுகிறோம். தகர ஷெட்டுக்குள் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்று கைதட்டிக் குதிக்கும்போது வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு வியர்ப்பது குறைவு, உடம்பு சீக்கிரம் சூடேறும். தன் குழுவுக்குப் புள்ளி கிடைக்கும் என்றால் தாகம் எடுப்பதையும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. அரசாங்கம் பேரிடர் என்று எழுதியதற்கு நேரே நாம் அட்டவணையில் "கேம்ஸ்" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

காலையில் சாப்பிடாமல் வந்து மயங்குகிற பிள்ளை வேறு, வெயில் தாக்கி விழுகிற பிள்ளை வேறு. முதல் பிள்ளை படுக்கவைத்துக் காலை உயர்த்திக் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவது பிள்ளை உளறும், கூப்பிட்டால் சரியாகத் திரும்பாது, தோல் அனலாகக் கொதிக்கும், உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டும். அதன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே காரில் தூக்கிப் போட்டால் போகிற வழியிலேயே மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும். இதை மேடையில் மைக் பிடிக்கிற தம்பியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த முகாம் முறை நமக்குக் குளிர்நாட்டிலிருந்து வந்தது. 1898-இல் நியூயார்க்கில் எலைசா ஹாவ்ஸ் என்ற அம்மையார் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து நடத்திய கோடைப் பள்ளியை விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அங்கே கோடை என்றால் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே ஓடுகிற காலம். நமக்கு நிழலுக்குள் ஓடுகிற காலம். பாட்டை இறக்குமதி செய்தோம், விளையாட்டை இறக்குமதி செய்தோம், கூடவே அந்த ஊர் நேரத்தையும் கொண்டுவந்துவிட்டோம். ஆயக்குடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைமேல், 1845-இல் கொடைக்கானலின் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிப் பிழைக்க ஏறினார்கள். மிஷனரிகளே தாங்க மாட்டாமல் மலையேறிய வெயிலில் அந்த இறக்குமதி விளையாட்டை நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். காலை 7 முதல் 10 வரை, மாலை 5-க்குப் பிறகு என்று ஓட்டத்தையும் ஆட்டத்தையும் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? நடுப்பகலில் கதை சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள், தூங்கவும் விடுங்கள்.

அடுத்தது, யாரும் கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற விஷயம். பெண்பிள்ளைகள் முகாமில் தண்ணீர் குடிப்பதில்லை. "தண்ணி நிறைய குடிங்கம்மா" என்று மைக்கில் சொன்னால் தலையாட்டுவார்கள், குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். போகிற இடம் அப்படி இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, வாளி இருந்தால் மக்கு இருக்காது, பையன்கள் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டிய வழி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் அடிவயிறு வலிக்கிறது, எரிகிறது, குளிர்க்காய்ச்சல் என்று என்னிடம் வருகிறது. அதற்கு நான் மாத்திரை தேட வேண்டி வந்திருக்கவே கூடாது. மார்ச் மாதத்திலேயே ஒரு தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை என்னிடம் வந்தே இருக்காது. உள்ளேயே மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்றும், நாப்கின் பாக்கெட்டும், பழைய நாளிதழும் வைத்துவிடுங்கள். நாப்கினை யாரிடமும் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். மாதவிடாய் நாளில் ஒரு பிள்ளை ஓட்டப்பந்தயத்துக்கு வரமாட்டேன் என்றால், எதற்கு என்று எல்லார் முன்னாலும் கேட்கிற அண்ணன்மாரை முதலில் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டவில்லை. விடியற்காலையில் கிண்டி மூடிவைத்த தக்காளி சாதத்தை ஒன்றரை மணிக்குப் பரிமாறாதீர்கள். மே மாதத்தில் அதற்குள் சோறு கெட்டுவிடும். கலர் ஜூஸுக்குப் பதில் மோர். முடிந்தது.

வயிற்றால் போகிற பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்து டம்ளரில் போட்டுக் கலக்குகிறார்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு அளந்து செய்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கொட்டித்தான் கலக்க வேண்டும். உப்பு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் பயனில்லை. பாக்கெட் இல்லையென்றால் லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-இல் வங்காளதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு மொண்டு கொடுக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் இறந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அங்கே கொடுத்தவர்கள் நர்ஸுகள் இல்லை, படிப்பறிவில்லாத அம்மாக்களும் அண்ணன்மாரும். எனவே உங்கள் வாலிபர் சங்கத்துக்கு முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் கொடுங்கள், நான் சொல்லித்தருகிறேன்.

பெயர் எழுதும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, சபை என்று மூன்று கேட்கிறீர்கள். வலிப்பு உண்டா, வீசிங் உண்டா, சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன மாத்திரை ஓடுகிறது, அவசரத்துக்கு யார் போன் எடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். நம் முகாமுக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் பக்கத்துத் தெரு இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பழநி மலையைத் தினம் பார்த்துக் கும்பிடுகிற அம்மா தன் பிள்ளையை நம்மை நம்பி அனுப்புகிறாள். அவளுடைய போன் நம்பர்கூட இல்லாமல் அந்தப் பிள்ளையை நாள் முழுக்க வைத்திருப்பது சரியில்லை. தங்கி நடக்கிற முகாம் என்றால், முதல் நாள் வாசலிலேயே எல்லா மருந்தையும் நர்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் முகாம் நர்ஸுகளுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். அங்கே இதுதான் முதல் வேலை. இங்கே அம்மாக்கள் காகிதத்தில் மடித்து, "காலைல ஒண்ணு, ராத்திரி பாதி" என்று பிள்ளையின் பாவாடை மடிப்பில் வைத்து அனுப்புகிறார்கள். அட்டையோடு, சீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள். வீசிங் இன்ஹேலர் மட்டும் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

இனி எழுதப்போவது சிலருக்கு வருத்தமாக இருக்கும். வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். ஒரு வேளை மாத்திரை விட்டாலும் வரும். ராத்திரி பதினொரு மணிவரை எழுப்புதல் கூட்டம், காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஜெபம், நடுவில் மாத்திரையைக் கேட்க ஆளில்லை. அப்புறம் அந்தப் பிள்ளை கூட்டத்தின் நடுவில் விழுந்து இழுக்கும்போது, தலையில் கைவைத்துச் சத்தம் போட்டு எதையாவது விரட்டுகிறோம். ஐயா, ஜெபம் பண்ணுங்கள். பண்ண வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் ஸ்பூனோ கையில் சாவியோ திணிக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108. சாகக் கிடந்த எசேக்கியா ராஜா சுவரைப் பார்த்துத் திரும்பிப்படுத்து அழுது ஜெபம் பண்ணினார்; கர்த்தர் கேட்டு ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டினார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் வைத்துக் கட்டவைத்தார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் கட்டு கட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் 1955-இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கியபோதும் ஜெபித்துத்தான் தொடங்கினார்கள். ஆபரேஷன் தியேட்டரும் கட்டினார்கள். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று சாட்சி சொல்கிறவர்களுக்குப் பிள்ளைகள் முன்னால் மைக் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகள் உண்டு.

நம் முகாம்கள் பலவும் கொய்யாத் தோப்பை ஒட்டியே நடக்கின்றன. பாம்பு இருக்கும், தேள் இருக்கும், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறும் இருக்கும். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பிள்ளையை நடக்கவிடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கொலுசு, வளையல், அரைஞாணைக் கழற்றி, நேரே பழநி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பச்சிலை வைத்தியரிடம் போய்விட்டு வருகிற அரை மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது. நாய் கடித்தால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். திட்டு விழும் என்று பயந்து நாய்க்கடியை மறைக்கிற பிள்ளைகள்தான் அதிகம். அதனால் திட்ட மாட்டோம் என்று முதல் நாளே மேடையில் சொல்லிவிடுங்கள். கடைசி நாள் உல்லாசப் பயணம் என்று வரதமாநதி அணைக்குக் கூட்டிப்போகிற வழக்கமும் இருக்கிறது. பார்த்துவிட்டு வாருங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் இத்தனை பேர், எண்ணிக்கை எடுக்கிறவர் இன்னார் என்று எழுதி வைக்காமல் ஒரு பிள்ளையின் காலும் தண்ணீரில் படக் கூடாது.

தங்கல் முகாமின் முதல் ராத்திரியை நர்ஸுகளைக் கேட்டால் சொல்வார்கள். விளக்கணைத்து அரை மணிக்குள் வரிசையாக வருவார்கள். "சிஸ்டர், வயிறு வலிக்குது." வீட்டு ஞாபகத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற மரியாதையான பெயர் வயிற்றுவலி. எங்கே வலிக்கிறது என்றால் தொப்புளைச் சுற்றிக் கையை வட்டமாக ஓட்டும். சாப்பிட்டாயா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தம்பி உன் பக்கத்தில்தான் படுப்பானா என்று பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது கேள்விக்கே கண் நிறைந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வெந்நீரும் பக்கத்தில் ஒரு அக்காவும் போதும். ஆனால் எல்லா வயிற்றுவலியையும் அப்படித் தள்ளவும் கூடாது. நான் பிள்ளையை எழுப்பி, ஒற்றைக்காலில் நொண்டி அடிக்கச் சொல்வேன். விளையாட்டு என்று நினைத்து இரண்டு அடி குதித்துச் சிரித்தால் நிம்மதி. காலை ஊன்றியதுமே வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், கூடவே வாந்தியும் காய்ச்சலும் இருந்தால், அது குடல்வாலாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க மாட்டேன். அந்த நேரத்தில் வண்டிச் சாவி யாரிடம், டிரைவர் யார், பெற்றோருக்குப் போன் செய்வது யார் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

அந்த நர்ஸ் அறையில் இன்னொன்றும் நடக்கும். கட்டுப் போடும்போது பிள்ளைகள் பேசுவார்கள். வீட்டில் மாமா இப்படிச் செய்கிறார், டியூஷனில் இப்படி நடந்தது, சில சமயம் முகாமுக்குள்ளேயே இன்னார் தொட்டார் என்று. போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். கமிட்டி கூடிப் பேசி முடிப்பதற்கோ, குடும்ப மானம் போகும், சபை பெயர் கெடும் என்று மூடுவதற்கோ அதில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் தெரிவிப்பேன். முகாமுக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கூப்பிடட்டும்.

நர்ஸ் டாக்டர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். "சிஸ்டர், ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்களேன்" என்று வந்து நிற்கிறீர்கள். எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. உங்கள் சபையிலேயே டாக்டர் இருப்பார். எந்த நிலைக்கு எந்த மருந்து, எடைக்கு எவ்வளவு என்று அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300. எடை பார்க்கும் மெஷின் இல்லாத முகாமில் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே மாத்திரைதான் போகும்.

நான் கேட்கிற அதிகாரம் வேறு. விளையாட்டை நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். இந்தச் சாப்பாடு வேண்டாம் என்றால் கொட்ட வேண்டும். இந்தப் பிள்ளை இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால், "ஐயா கூட்டத்துல இருக்காங்க, முடியட்டும்" என்ற பேச்சே வரக் கூடாது. தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழநிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். கால் கொப்புளத்துக்கும் மயக்கத்துக்கும் வழியில் ஆள் இருக்கிறது, மருந்து இருக்கிறது. முன்கூட்டி யோசித்திருக்கிறார்கள். நம்மாலும் ஆகும்.

சம்பளம் கேட்கவில்லை. இந்த ஊழியத்துக்கு வருகிற தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு லீவு என்றால் சம்பளப் பிடித்தம் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறைவு நாளில் பொன்னாடை போடுகிறீர்கள், சந்தோஷம். என் பீரோவில் பொன்னாடை நிறைய இருக்கிறது. தெர்மாமீட்டர் நான் காசு போட்டு வாங்கியது.

அடுத்த மார்ச் மாதம் திட்டக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது உங்கள் சபையில் இருக்கிற நர்ஸுக்கு முதல் போன் செய்யுங்கள். அட்டவணை எழுதுவதற்கு முன்னால் அவர் அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். தண்ணீர்த் தொட்டியைத் திறக்கட்டும், கக்கூஸ் கதவைச் சாத்திப் பார்க்கட்டும், கிணற்றுப் பக்கம் போய்வரட்டும். ஒரு வண்டியும் டிரைவரும் இரவும் பகலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கட்டும். பேனரை அதற்குப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

உங்கள் சகோதரி,
ஆயக்குடி நர்ஸ் ஒருத்தி